மறைநீர்க் கணக்கு: எல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

பாசனக் கூட்டம், பால் சொசைட்டி, கல்லூரி வகுப்பு என்று எங்கே மறைநீர் பேச்சு எழுந்தாலும், கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். புள்ளியியல் பாடம் எடுப்பவன் என்பதால் அவை என்னிடம் வந்து சேர்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுச் செல்வதால் எண் கொடுத்திருக்கிறேன்.

1. மறைநீர், மறைநீர்ங்கறாங்களே, அப்படின்னா என்னங்க?

ஒரு பொருளை விளைவிக்க அல்லது தயாரிக்கச் செலவான தண்ணீர் மொத்தமும் அந்தப் பொருளின் மறைநீர். ஒரு கிலோ தக்காளியைப் பிழிந்தால் ஒரு லிட்டர்கூட வராது. ஆனால் அதை விளைவிக்க உலக சராசரியில் சுமார் 214 லிட்டர் ஆகிறது. வாழைப்பழத்துக்குக் கிலோவுக்கு 790, பாலுக்கு ஆயிரத்துச் சொச்சம், கரும்புச் சர்க்கரைக்கு 1,780, கோழிக்கறிக்கு 4,300 லிட்டர்.

லண்டனில் பேராசிரியராக இருந்த டோனி ஆலன் 1990களின் தொடக்கத்தில் இதைப் பேச ஆரம்பித்தார். தண்ணீரே இல்லாத மேற்காசிய நாடுகள் தண்ணீருக்காக அடித்துக்கொள்ளாமல் எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்தவருக்கு, அவை கோதுமையாகத் தண்ணீரை இறக்குமதி செய்வது தெரிந்தது. 2008-ல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு அவருக்குக் கிடைத்தது. நெதர்லாந்தின் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா 2002-ல் இதே எண்ணத்தை 'நீர்த்தடம்' என்ற அளவீடாக மாற்றினார். மேலே உள்ள எண்கள் அவருடைய குழு கணக்கிட்டவை.

2. ஒரு கிலோ அரிசிக்கு 2,500 லிட்டர்ங்கறாங்க, இன்னொருத்தர் 5,000ங்கறாரு. எதைங்க நம்பறது?

இரண்டும் சரியாக இருக்கலாம். 2,500 என்பது உலக சராசரி, அரைத்த அரிசிக்கு. நெல்லாகவே எடுத்தால் 1,670 சொச்சம்தான். நெல்லில் மூன்றில் இரண்டு பங்கு அரிசியாகத் தேறும் என்பதால் இந்த வித்தியாசம். யாராவது எண் சொன்னால் நெல்லா அரிசியா என்று முதலில் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது வயலுக்கு விட்ட தண்ணீரா, பயிர் குடித்து ஆவியாகப் போன தண்ணீரா என்பது. ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஹெக்டேருக்கு 1.2 கோடி லிட்டர். 5 டன் நெல் விளைந்தால் நெல் கிலோவுக்கு 2,400 லிட்டர், அரிசிக்கு 3,600. அதே தண்ணீரில் 3 டன்தான் விளைந்தது என்றால் அரிசி கிலோவுக்கு 6,000. ஆனால் அந்த 1.2 கோடி லிட்டரில் கணிசமான பங்கு வயலுக்கடியில் இறங்கிப் பக்கத்துக் கிணற்றில் ஊறுகிறது. அது செலவு இல்லை, இடமாற்றம். ஹூக்ஸ்ட்ரா குழு இந்த இறங்கும் தண்ணீரைச் சேர்ப்பதில்லை. பாசனத் துறைக்காரர்கள் சேர்ப்பார்கள், ஏனென்றால் மதகில் திறந்துவிட்ட தண்ணீர்தான் அவர்களுக்குக் கணக்கு. 5,000 வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

3. மழைத்தண்ணியையும் எதுக்குங்க சேக்கறீங்க? அது சும்மா வர்றதுதானே?

சேர்ப்பது சரி, கலப்பதுதான் தப்பு. அதனால்தான் மூன்று நிறமாகப் பிரிக்கிறார்கள். மழை மண்ணில் தங்கிப் பயிர் குடித்தால் பச்சை. ஆறு, குளம், கிணறு, போர் இவற்றிலிருந்து எடுத்தால் நீலம். கழிவை நீர்த்துப்போக வைக்கத் தேவைப்படும் அளவு சாம்பல். இது நிஜமாகச் செலவான தண்ணீர் இல்லை, அழுக்கை அளக்க வைத்த ஒரு மதிப்பு. உலகம் முழுதும் சேர்த்துப் பார்த்தால் பச்சை 74 சதவீதம், நீலம் 11, சாம்பல் 15. அதாவது பெரிய பெரிய எண்களில் முக்கால் பங்கு மழை.

நம் பக்கத்துக்கு இந்தப் பிரிவினை உயிர்நாடி. கேரளத்தின் சராசரி மழை 3,000 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்போது, பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே எருத்தேம்பதிக்கும் வடகரைப்பதிக்கும் அதில் பாதிகூட வராது. கடற்கரைத் தென்னை மழையில் நிற்கிறது. சித்தூர், பொள்ளாச்சித் தென்னை மோட்டாரில் நிற்கிறது. கிலோவுக்கு இத்தனை லிட்டர் என்று ஒரே எண்ணை இரண்டு தோப்புக்கும் போட்டால், ஒன்றில் பச்சை, மற்றதில் நீலம் என்பது மறைந்துபோகும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2017 மதிப்பீட்டில் கேரளத்தில் மிகை நுகர்வு (ஊறுவதைவிட அதிகமாக எடுப்பது) வகையில் விழுந்த ஒரே ஒன்றியம் சித்தூர். கேரளம் என்றாலே தண்ணீர் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

4. நாடு முழுக்க எந்தத் துறை எவ்வளவு குடிக்குதுன்னு எப்படிங்க தெரியும்? ஒவ்வொரு போருக்கும் மீட்டரா இருக்குது?

மீட்டர் இல்லை. நேரடியாக எடுக்கும் தண்ணீரைத் துறைவாரியாக மதிப்பிடுகிறார்கள். விவசாயத்துக்குப் பயிர்ப் பரப்பு, பாசனப் பரப்பு, அந்தப் பருவத்தில் பயிருக்கு வேண்டிய நீர் இவற்றைப் பெருக்கி எடுக்கிறார்கள். நிலத்தடி நீருக்கு மட்டம் ஏறி இறங்குவதையும் கிணறுகளின் எண்ணிக்கையையும் வைத்து மதிப்பிடுகிறார்கள். 2023 மதிப்பீட்டின்படி இந்தியா ஆண்டுக்கு எடுத்த நிலத்தடி நீர் சுமார் 24,100 கோடி கன மீட்டர், அதில் ஏறத்தாழ 87 சதவீதம் பாசனத்துக்கு. அனல்மின் நிலையங்களுக்கு 2015-ல் வந்த அறிவிக்கை ஒரு வரம்பு வைத்தது: குளிர்விப்புக் கோபுரம் உள்ள பழைய நிலையம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3.5 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. இப்படி ஒவ்வொரு துறைக்கும் ஒரு வழி.

இவ்வளவும் நேரடிக் கணக்கு மட்டும். இதில் விவசாயம் ராட்சசனாகத் தெரியும், ஓட்டலும் துணிக்கடையும் பரம சாதுவாகத் தெரியும். யாருக்காக அந்தத் தண்ணீர் செலவானது என்பது இதில் வராது. அதற்குத்தான் அடுத்த கேள்வி.

5. அப்ப ஓட்டல்காரன் குடிக்கற மறைநீரை எப்படிப் புடிப்பீங்க?

பாலக்காட்டில் ஒரு ஓட்டல். குழாயில் வரும் தண்ணீர் சமையலுக்கும் பாத்திரம் கழுவவும். அதைத் தவிர அது அரிசி, பால், காய்கறி, கேஸ், கரண்ட் வாங்குகிறது. அரிசியை விற்ற மில் நெல்லும் கரண்டும் வாங்கியது. நெல் போட்டவர் விதையும் உரமும் டீசலும் வாங்கினார். உரக் கம்பெனி கரண்ட் வாங்கியது. இப்படிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம், முடிவே இல்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் தொகை சுருங்கிக்கொண்டே வரும். வாசிலி லியோன்டியெஃப் என்ற பொருளாதார அறிஞர் இந்த முடிவில்லாத சங்கிலியை ஒரே கணக்கில் தீர்க்கும் வழியைக் கண்டார். எந்தத் துறை எந்தத் துறையிடம் எத்தனை ரூபாய்க்கு வாங்கியது என்று ஒரு பெரிய கட்டம் போடுவது. அதற்கு உள்ளீடு-வெளியீடு அட்டவணை என்று பெயர். 1973-ல் நோபல் பரிசு இதற்காகத்தான். சுற்றுச்சூழல் சுமையையும் இதே கட்டத்தில் ஏற்றலாம் என்று 1970-லேயே அவர் எழுதிக் காட்டினார்.

விளக்கத்துக்காக நானே வைத்த எண்களில் சொல்கிறேன். 100 ரூபாய் ஓட்டல் பில்லுக்கு நேரடித் தண்ணீர் 20 லிட்டர். அந்த 100-ல் 30 ரூபாய் விளைபொருளுக்குப் போகிறது. விவசாயத்தில் ரூபாய்க்கு 60 லிட்டர் என்றால் அங்கே 1,800 லிட்டர். மில், உரம், கரண்ட் எல்லாவற்றையும் பின்னோக்கித் துரத்திச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். ஆக, குழாயை மூடி மூடி ஓட்டல் மிச்சப்படுத்துவது அந்த 20-ல்தான். இலையில் மிஞ்சும் சோறு மற்ற 1,800-ல் கை வைக்கிறது.

6. அந்தக் கட்டம் நம்ம நாட்டுல யாராச்சும் போட்டிருக்காங்களா?

போட்டிருக்கிறார்கள். 2007-08 ஆண்டுக்கு 130 துறைகள் கொண்ட உள்ளீடு-வெளியீடு அட்டவணை வந்தது. பிறகு தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிடும் வழங்கல்-பயன்பாட்டு அட்டவணைகளில் 140 பொருட்களும் 66 தொழில்களும் உண்டு. தண்ணீரைப் பொருளாதாரக் கணக்கோடு எப்படிக் கோப்பது என்பதற்கு ஐ.நா.வின் தனி நெறிமுறை இருக்கிறது. மத்திய புள்ளியியல் அமைச்சகமும் 2018 முதல் சுற்றுச்சூழல் கணக்குகளை வெளியிடுகிறது.

7. எல்லாமே ரூபாய்க் கணக்குன்னா, தேங்காய் வெல ஏறுனா தண்ணியும் மாறிடுமா?

மாறிவிடும், பேப்பரில். இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான். தேங்காய் விலை இரட்டிப்பானால் ஒரு ரூபாய்க்கான தண்ணீர் பாதியாகக் குறைந்து தெரியும். தோப்பு அதேதான், மோட்டார் ஓடிய மணியும் அதேதான். அதனால் ஒரு வருஷ அட்டவணையை இன்னொரு வருஷத்தோடு ஒப்பிடும்போது விலை மாற்றத்தைக் கழிக்காமல் 'தண்ணீர்ச் சிக்கனம் கூடிவிட்டது' என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள். விளைபொருட்களை மட்டுமாவது ரூபாய்க்குப் பதில் டன்னில் வைத்துக் கணக்குப் போடுபவர்களும் உண்டு. அது மேல்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. அட்டவணை தேசத்துக்கு ஒன்று. அதில் தேங்காய்க்கு ஒரே ஒரு வரிசை. கேள்வி 3-ல் சொன்ன மழைத் தென்னையும் மோட்டார்த் தென்னையும் அங்கே ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன.

8. மாட்டுத் தீவனத்துக்கு ஒரு தடவ, பாலுக்கு ஒரு தடவ, பால்கோவாவுக்கு ஒரு தடவ. ஒரே தண்ணிய மூணு தடவ எண்ணறீங்களே?

ஒரே பட்டியலில் மூன்றையும் போட்டுக் கூட்டினால் நிச்சயம் தப்பு. செய்தித்தாள் கட்டுரைகள் பலவற்றில் இந்தத் தப்பு இருக்கிறது. இரண்டு விதமாக மட்டும் கூட்டலாம். ஒன்று, தண்ணீரை நேரடியாக எடுத்தவர் பெயரில் எழுதுவது: சோளத்தட்டு போட்டவர் பெயரில் ஒருமுறை, அவ்வளவுதான். மற்றது, கடைசியில் வாங்கித் தின்றவர் பெயரில் எழுதுவது: பால்கோவா வாங்கியவர் பெயரில் ஒருமுறை. கேள்வி 5-ல் சொன்ன கட்டம் முதல் பட்டியலை இரண்டாவது பட்டியலாக மாற்றித் தரும் கருவி. ஏற்றுமதி, இருப்பு எல்லாம் சேர்த்தால் இரண்டின் கூட்டுத்தொகையும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ இரண்டு முறை எண்ணியிருக்கிறார்கள்.

9. ஒரே மரத்துல தேங்காய், மட்டை, நார், நார்க்கழிவு எல்லாம் வருது. தண்ணிய யாரு தலையில கட்டுவீங்க?

பொதுவாக விலை விகிதத்தில் பிரிப்பார்கள். மட்டையைச் சும்மா குவித்துப்போட்ட காலத்தில் அதன் பங்கு பூஜ்யம்; தேங்காயே முழுச் சுமையும் சுமந்தது. இப்போது பொள்ளாச்சிப் பக்கத்து நார்க்கழிவு, மண்ணில்லா விவசாயத்துக்காகக் கப்பலேறுகிறது. அதற்கு விலை வந்ததும் தோப்புத் தண்ணீரில் அதற்கும் பங்கு வந்துவிட்டது. தேங்காயின் பங்கு அந்த அளவுக்குக் குறைந்தது. மரம் ஒரு சொட்டுகூடக் குறைத்துக் குடிக்கவில்லை.

நார்க்கழிவுக்கு இன்னொரு கணக்கும் தனியாக உண்டு. உப்பு இறங்க அதைத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். அலசிய தண்ணீர் உப்போடு நிலத்துக்குள் போகிறது. அது அந்தப் பொருளுக்கே உரிய நீலமும் சாம்பலும். தேங்காயோடு பங்கு போட முடியாது.

10. வெவசாயம்தான் 87 சதவீதம்னா, பிளாச்சிமடைல கம்பெனிக்காரனை எதுக்கு மூடச் சொன்னாங்க?

இது கோபத்தோடு வரும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. பாலக்காடு மாவட்டம் பெருமாட்டி ஊராட்சியில் உள்ள பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை 2000-ல் தொடங்கியது. 2002 ஏப்ரலில் போராட்டம் ஆரம்பம். 2003-ல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005-ல் கேரள உயர் நீதிமன்ற அமர்வு, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று சொன்னது. 365 நாளும் ஓடினால் 18.25 கோடி லிட்டர். கேள்வி 2-ன் கணக்கில் ஒரு போகம் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 1.2 கோடி. ஆக அது 15 ஹெக்டேர் நெல்லின் தண்ணீர்தான், 37 ஏக்கர். தேசியக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது.

ஆனால் தேசியக் கணக்கு கிணற்றுக்குள் எட்டிப் பார்க்காது. மழை குறைந்த, பாறைப் பாங்கான நிலத்தில் ஒரே வளாகத்துக்குள் போர் போட்டு வருஷம் முழுக்க இழுப்பது வேறு. 37 ஏக்கரில் பரவலாக நான்கு மாதம் பாய்ச்சி, அதில் ஒரு பங்கு திரும்ப இறங்குவது வேறு. கூடவே கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனது, உரம் என்று கொடுத்த கழிவில் ஈயமும் காட்மியமும் இருந்தது என்பவை சாம்பல் கணக்கு. அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-ல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது.

இதில் யாரும் பேசாத பகுதி சர்க்கரை. அரை லிட்டர் கோலாவில் 50 கிராமுக்குக் கொஞ்சம் மேல் சர்க்கரை. கேள்வி 1-ன் எண்ணில் அதற்கு மட்டும் சுமார் 90 லிட்டர், எங்கோ ஒரு கரும்புக் காட்டில். பாட்டில் தண்ணீரை எதிர்த்துப் பிளாச்சிமடை பேசியது. கரும்புத் தண்ணீரை எதிர்த்துப் பேச அந்த ஊருக்கு வாய்ப்பே இல்லை.

11. ஆந்திரா ஜெயா அரிசி வாங்கறதா, நம்ம பாலக்காட்டு மட்டை அரிசியா? தண்ணிக் கணக்குல எது தேவலை?

லிட்டரை மட்டும் பார்த்தால் விளைச்சல் கூடிய ஊர் அரிசி ஜெயிக்கும். நான் அப்படிப் பார்ப்பதில்லை. அந்தத் தண்ணீர் அங்கே எவ்வளவு தட்டுப்பாடானது, வயல் இல்லாமல் போனால் அந்த நிலத்துக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கோதாவரி டெல்டாவில் கால்வாயில் விளைவதும் போர் தண்ணீரில் விளைவதும் ஒன்றல்ல. இங்கே நெல் வயலை மூடி வீடு கட்டினால் கிணற்றில் ஊறும் தண்ணீர் போய்விடும். கேரளம் 2008-ல் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததும், 2020-ல் வயலை வயலாக வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் உரிமத்தொகை அறிவித்ததும் அதனால்தான். தொகை சொற்பம், எண்ணம் சரி.

12. வாளையார் வழியா தெனம் இத்தன லாரி போகுதே, அதுல போற தண்ணிய யாருங்க எண்றாங்க?

கிட்டத்தட்ட யாரும் இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வாளையார் போன்ற எல்லை ஊர்களில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் தாண்டும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் (சரக்கு விவரம் எழுதிய மின்னணுச் சீட்டு) வேண்டும். எந்தப் பொருள், எவ்வளவு, எந்த அஞ்சல் குறியீட்டிலிருந்து எதற்கு என்று அதில் இருக்கிறது. மறைநீர் தேடுபவருக்குப் பொக்கிஷம் என்று நினைத்தேன். ஆனால் வரி இல்லாத பொருட்களுக்கு விலக்கு: புதுக் காய்கறி, பால், முட்டை, தேங்காய். அதாவது வேலந்தாவளம் சந்தையிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் கேரளத்துக்குப் போகும் தண்ணீரில் பெரும்பகுதி பில்லே இல்லாமல் போகிறது. பிஸ்கட்டும் சிமெண்டும் எண்ணப்படுகின்றன.

ரயிலில் போவதற்கு மட்டும் மாநிலவாரிப் புள்ளிவிவரம் உண்டு. ஆந்திர அரிசி ரயிலேறினால் தெரியும். அதே அரிசி லாரியேறினால் தெரியாது.

13. கேரளத்துக்கு 7.25 டி.எம்.சி. விடறோம். காய்கறியா, தேங்காயா அனுப்பறதையும் சேத்து அதுல கழிச்சுக்கலாமில்ல?

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதைக் கேட்கும்போது சிரிப்பார்கள், ஆனால் விளையாட்டாகக் கேட்பதில்லை. இரண்டு மாநிலங்களும் ஆற்றுத் தண்ணீரைப் பங்கிடச் செய்துகொண்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29-ல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாக எழுதப்பட்டது. அதன்படி சித்தூர்ப் பகுதிக்கு, எல்லை அருகே உள்ள மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. அளந்து தர வேண்டும். ஒரு டி.எம்.சி. 2,831.7 கோடி லிட்டர். அரிசிக்கு 2,500 லிட்டர் என்று வைத்தால் 11,300 டன் அரிசி. இப்படி மாற்றிப் பார்க்கலாம், கழிக்க முடியாது. ஒப்பந்தம் ஆற்றில் ஓடும் நீலத்தை மட்டும் அளக்கிறது. தேங்காயில் மழையும் கிணறும் கலந்திருக்கின்றன. தேங்காயை விற்றவருக்குப் பணம் வந்துவிட்டது, ஆற்றுத் தண்ணீருக்கு யாரும் விலை கொடுக்கவில்லை. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்று அணையும் கேரள மண்ணில் இருந்து தமிழ்நாட்டு வயல்களுக்குப் பாய்வதையும் அப்புறம் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டிவரும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் இந்த எண்ணம் உதவும். மணக்கடவில் தண்ணீர் குறைந்த வருஷம் பாலக்காட்டுச் சந்தையில் வரும் காய்கறி எங்கே விளைந்தது என்று பார்த்தால், இரண்டு பக்கமும் ஒரே மேகத்தை நம்பியிருப்பது தெரியும்.

14. அரிசி ஏத்துமதில நாட்டுத் தண்ணியே போகுதுங்கறாங்களே, நெசமா?

2021-22-ல் இந்தியா ஏறத்தாழ 2.1 கோடி டன் அரிசி ஏற்றுமதி செய்தது. 2,500-ஆல் பெருக்கினால் சுமார் 1,850 டி.எம்.சி. ஆழியாறு ஒப்பந்தத்தில் தமிழ்நாட்டின் பங்கு 30.5 என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் கேள்வி 3-ஐ மறக்காதீர்கள்: வங்கத்து மழை நெல்லும் பஞ்சாபின் போர் நெல்லும் இதில் ஒரே மூட்டையில் இருக்கின்றன. கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றி.

15. எல்லாரும் சொட்டுநீர் போட்டுட்டா மறைநீர் கொறைஞ்சுடுமில்லீங்க?

தேங்காய் ஒன்றுக்குக் குறையலாம். ஊருக்குக் குறையுமா என்பது வேறு. மிச்சமான தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் வாழை வைத்தால் மோட்டார் அதே மணிக்கு ஓடும், ஆவியாகப் போவது கூடும். வாய்க்கால் பாய்ச்சலில் கீழே இறங்கிப் பக்கத்துத் தோட்டக்காரர் கிணற்றில் ஊறிய தண்ணீர் (கேள்வி 2) சொட்டுநீரில் வராது. அவர் அதற்காக இன்னொரு போர் போடுவார். கரண்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 5 எச்.பி. மோட்டார் 6 மணி நேரம் ஓடினால் சுமார் 22 யூனிட். கேள்வி 4-ன் வரம்பில் அதுவே எங்கோ ஓர் அனல் நிலையத்தில் 77 லிட்டர்.

உங்கள் தோப்புக் கணக்கு வேண்டுமானால் 200 லிட்டர் டிரம் ஒன்று நிரம்ப எத்தனை வினாடி என்று கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை பாருங்கள். மோட்டார் ஓடிய மணியைச் சுவரில் குறித்து வாருங்கள். சொட்டுநீர் போடுவதற்கு முந்தைய வருஷக் குறிப்பும் பிந்தைய வருஷக் குறிப்பும் இருந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்க்கலாம்.